பல்லிக்கும் ஒரு கணப்பு

பல்லியைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ன? சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் குடித்தனம் செய்யும். விளக்கு ஏற்றியதும் பூச்சி பிடிக்க வெளியே வரும். நாம் முக்கியமான சமாசாரம் ஏதாவது பேசும் சமயம் பார்த்துச் சத்தம் போடும். உடனே பாட்டி தரையில் விரலால் தட்டி, "பார்த்தாயா, பல்லியே சொல்லிவிட்டது!" என்பாள். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டியவர்களும் நம்மில் உண்டு. ஆனால், "ஐயோ பாவம், இந்தப் பல்லிக்குக் குளிருமே!" என்று கவலைப்பட்ட யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சிரிக்க வேண்டாம். இந்த வாரம் அந்தக் கவலையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நம் ஊர் உஷ்ணத்தில் அதற்கு இடமில்லை. சுவர்ப் பல்லி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே பல்லியைக் கடையில் விலை கொடுத்து வாங்கி, செல்லப் பெயர் வைத்து, கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள்.

"யாரோ வளர்த்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணி! லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் மகளே அங்கே இருக்கலாம். பேரன் நாய்க்குட்டி வேண்டும் என்று அழுகிறான். மாடிக் குடியிருப்பில் நாய்க்கு இடம் ஏது? பூனை என்றால் அப்பாவுக்குத் தும்மல். கடைசியில் சமாதான உடன்படிக்கை ஆகிறது: ஒரு பல்லி! அதற்குக் குரைக்கவும் தெரியாது, ரோமமும் உதிராது.

குளிர்காலத்தில் நீங்கள் மகளுக்கு ஒத்தாசையாகப் போய்ச் சேருகிறீர்கள். காலை எட்டரை மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. கதவு சாத்தியதும் வீட்டில் மிச்சம் இரண்டு ஜீவன்கள்: நீங்களும் பல்லியும். இனிமேல் சாயங்காலம் வரை அதன் சுகமும் கஷ்டமும் உங்கள் கையில்!

ஆகவே, முதலில் அந்தப் பல்லியை அறிமுகம் செய்துகொள்வோம்.

விருந்தாளி யார்?

இப்படி வளர்க்கப்படுபவற்றில் மிகவும் பிரசித்தமானது 'லெப்பர்ட் கெக்கோ' என்னும் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் தெளித்திருப்பதால் அந்தப் பெயர். வாலையும் சேர்த்து 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம். நம் சுவர்ப் பல்லியைப் போல் இதற்குக் கால்விரல்களில் ஒட்டும் அடை கிடையாது, சுவரேறத் தெரியாது, தரையில்தான் நடக்கும். இன்னொரு விசேஷம், இதற்குக் கண்ணிமை உண்டு. கண்ணை மூடி நிஜமாகவே தூங்கும். கொழுத்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும். வால் மெலிந்தால் பல்லிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இதன் பூர்விகம் இங்கிலாந்து அல்ல. ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கம் ஆகிய கல்லும் முள்ளுமான வறண்ட பூமி. கல்கத்தாவில் ஏஷியாடிக் சொஸைட்டியின் பொருட்காட்சிச் சாலையைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் என்பவர் 1854-ல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இன்று கடைகளில் கிடைப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. ஆனாலும், உடம்பு மட்டும் அந்தக் கல்பூமியின் வெயிலை மறக்கவில்லை. நன்றாகக் கவனித்தால் 15, 20 வருஷம்கூட இருக்கும். பத்து வயதுப் பையன் வாங்கினால், அவன் கல்யாணத்தையும் அது பார்த்துவிட்டுப் போகலாம்!

வெளியிலிருந்து வரும் சூடு

நமக்கும் பல்லிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாம் சாப்பிட்ட சோறே நம் உடம்பைச் சூடாக வைக்கிறது. ஊட்டியில் இருந்தாலும் உடம்புச் சூடு 37 டிகிரிதான். பல்லிக்கு அந்த வசதி இல்லை. அது சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் காய்ந்த கல்லின் அடியில் போய்ப் படுத்தால் உடம்பு சூடாகும்; போதும் என்று தோன்றினால் நிழலுக்கு நகர்ந்துவிடும். இப்படி நகர்ந்து நகர்ந்தே தன் உஷ்ணத்தைச் சரிப்படுத்திக்கொள்கிறது.

உடம்பில் சூடு ஏறாவிட்டால் என்ன ஆகும்? தின்ற பூச்சி ஜீரணமாகாது. பசி மந்தித்துப் போகும். வியாதியை எதிர்க்கும் சக்தி குறையும். பல்லி ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். பார்ப்பவர்கள், "சாதுவான பிராணி, சத்தமே இல்லை" என்பார்கள்!

இந்த ஜாதிக்கு உஷ்ணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அதிசயமான உதாரணம் சொல்கிறேன். சிறுத்தைப் பல்லியின் முட்டை 26 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் இருந்தால், பெரும்பாலும் பெண் குஞ்சுகள் பிறக்கும். 32, 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகள். பெண்ணா, பிள்ளையா என்பதையே தீர்மானிப்பது உஷ்ணம்!

ஆகையால், பெட்டிக்குள் ஒரு கணப்பு இருந்தே ஆக வேண்டும். ஆனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அது சிறை. ஒரு கோடியில் சூடு, மறு கோடியில் குளிர்ச்சி, இரண்டுக்கும் நடுவே நடந்துபோக இடம் — இதுதான் பல்லிக்கு நாம் கொடுக்க வேண்டிய வீடு. இதற்காகத்தான் பெட்டி மூன்றடி நீளமாவது இருக்கட்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள்.

கணக்கு இதுதான். சூடான கோடியில் ஒளிந்துகொள்ளும் குகையின் தரை 31 முதல் 33 டிகிரி. குளிர்ந்த கோடி 23 முதல் 26 டிகிரி. இரவில் 20, 21 வரை இறங்கினாலும் ஆரோக்கியமான வளர்ந்த பல்லிக்குத் தோஷமில்லை. 18-க்குக் கீழே போகவிடக் கூடாது. அடியிலிருந்து சூடு கொடுக்கும்போது தரை 35 டிகிரியைத் தாண்டவே கூடாது. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு குகை அவசியம். நடுவில் ஈரப் பாசி போட்ட மூன்றாவது குகை ஒன்று இருந்தால், சட்டை உரிக்கும் சமயத்தில் ரொம்பச் சௌகரியம். காய்ந்த தோல் விரல்களில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

பிரியத்தினால் வரும் ஆபத்து

இப்போது உங்களிடம் வருகிறேன். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பல்லிக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வருகிற கெடுதல் பெரும்பாலும் பிரியத்தினால் வருகிறது.

முதலாவது, வெயில். பத்து நாள் மழைக்குப் பிறகு லண்டனில் ஒருநாள் பளிச்சென்று வெயில் அடிக்கிறது. "பாவம், நீயும் கொஞ்சம் காயேன்!" என்று பெட்டியை ஜன்னலோரம் நகர்த்தி வைக்கிறீர்கள். கண்ணாடி வழியாகப் புகுந்த வெயிலின் உஷ்ணம் வெளியே போவதில்லை. வெயிலில் நிறுத்திய மோட்டார் காருக்குள் ஏறிப் பார்த்திருப்பீர்களே, அதே நிலைமைதான். குளிர்ந்த கோடி என்பதே இல்லாமல் போய்விடும்; ஓடி ஒளிய இடமில்லாமல் பல்லி கொஞ்ச நேரத்தில் இறந்துவிடக்கூடும். வெளியே குளிராக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே பெட்டி இருக்க வேண்டிய இடம், வெயில் நேராக விழாத உள்சுவர். குளிர் காற்று புகும் வாசற்கதவுப் பக்கமும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கமும் வேண்டாம்.

இரண்டாவது, கை. பெட்டியைத் திறந்து தரையைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். "என்ன இது, சூடே இல்லையே!" என்று குமிழைத் திருகிக் கூட்டிவிடுகிறீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் உள்ளங்கைத் தோலின் உஷ்ணமே ஏறக்குறைய 33 டிகிரி. பல்லிக்குச் சரியான சூடும் அதே அளவு. ஆகவே சரியான சூட்டில் இருக்கும் தரை நம் கைக்குச் சூடாகவே தோன்றாது. 'சுரீர்' என்று நம் கைக்குப் பட்டால், அது பல்லிக்குத் தோசைக்கல்! தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் கெட்டிக்காரத்தனம் இங்கே செல்லாது. தெர்மாமீட்டர் ஒன்றுதான் சாட்சி.

மூன்றாவது, சிக்கனம். ஆளில்லாத அறையில் மின்சாரம் ஓடுகிறதே என்று ஸ்விட்சை அணைத்துவிடுகிறீர்கள். நல்ல குடித்தனக்காரியின் பழக்கம்தான். ஆனால் கணக்குப் பார்ப்போம். பெட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டுப் பாய் 12 வாட் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. மாதத்துக்கு ஒன்பது யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அந்த ஊரில் டீக்கு வெந்நீர் வைக்கும் 3,000 வாட் மின்சாரக் கெட்டில் ஆறு நிமிஷம் ஓடினால் 0.3 யூனிட். பல்லியின் ஒருநாள் செலவு அவ்வளவே! சிக்கனத்தை வேறு இடத்தில் காட்டுங்கள்; பல்லியின் ஸ்விட்சை விட்டுவிடுங்கள்.

நெருப்புக்குக் காவல்காரன்

கணப்பில் பல தினுசு உண்டு. மேலே சொன்ன சூட்டுப் பாய், ஒரு தாள் போல மெல்லியது. கண்ணாடிப் பெட்டியின் அடியில், வெளிப்பக்கத்தில், தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வைப்பார்கள். பீங்கான் கணப்பு இன்னொன்று. பல்பு போல மேலிருந்து தொங்கும், வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும். ஹாலஜன் விளக்கு மூன்றாவது. பகலில் மேலிருந்து வெளிச்சமும் சூடும் சேர்த்துக் கொடுப்பதால் வெயிலுக்கு நெருக்கமானது இதுதான் என்று இப்போது பலரும் இதை விரும்புகிறார்கள்.

எதை வாங்கினாலும், அதைவிட முக்கியமான சாமான் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் தெர்மோஸ்டாட். உங்கள் மின்சார இஸ்திரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதே, ஏன்? போதிய சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்துகிறது. ஆறியதும் மறுபடி விடுகிறது. அது இல்லாவிட்டால் பட்டுப்புடைவை என்ன கதி ஆகும்? பல்லியின் பெட்டிக்கும் அதே காவல்காரன் வேண்டும். கடைக்காரர், "இது சின்னப் பாய்தானே, தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். காவல் இல்லாமல் ஓடும் பாய், நல்ல குளிர்நாளில் சரியாக இருந்துவிட்டு, அறை சூடான நாளில் எல்லை மீறிப் போகும்.

ஒவ்வொரு கணப்புக்கும் ஏற்ற தெர்மோஸ்டாட் வேறு வேறு. சூட்டுப் பாய்க்கு, அணைத்து ஏற்றும் சாதாரண வகை போதும். பீங்கான் கணப்புக்கு, மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் 'பல்ஸ்' வகை. விளக்குக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டிம்மிங்' வகை. வாங்கும்போது, "இந்தக் கணப்புக்கு இது பொருந்துமா?" என்று கேட்டே வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும். அதன் நுனியில் ஒரு சிறு முனை இருக்கும். அந்த முனைதான் காவல்காரனின் கண். அது எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள சூட்டைத்தான் அவன் அறிவான். சூட்டுப் பாய் என்றால், சூடான குகைக்குள் தரையோடு தரையாக அந்த முனை இருக்க வேண்டும்.

பெட்டியைச் சுத்தம் செய்யும் நாளில்தான் விபத்து நேர்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, அழகாகத் திரும்ப அடுக்குகிறோம். முனை மட்டும் பெட்டிக்கு வெளியே மேஜைமேல் கிடக்கிறது. அறையின் குளிரையே காவல்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இன்னும் சூடு போதவில்லை, இன்னும் போதவில்லை" என்று மின்சாரத்தை நிறுத்தாமல் விடுகிறான். உள்ளே தரை கொதிக்கிறது. பல்லியே முனையை இழுத்துத் தள்ளிவிட்டாலும், தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்துவிட்டாலும் இதே கதைதான். ஆகவே முனையை அசையாதபடி பொருத்த வேண்டும். ஆனால் பசை டேப்பினால் ஒட்டாதீர்கள். பல்லி அதில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது தோலும் கூட வந்துவிடும்.

காவல்காரனையும் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத் தனியாக இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள், கோடிக்கு ஒன்று. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை நம்ப முடியாது. அது கண்ணாடியின் சூட்டைச் சொல்லுமே தவிர, பல்லி படுக்கும் தரையின் சூட்டைச் சொல்லாது. துப்பாக்கி போன்ற தெர்மாமீட்டர் ஒன்றும் உண்டு. 2020-ல் கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேராகக் காட்டினார்களே, அந்த மாதிரி. ஆனால் நெற்றிக்கானது வேறு. தரை, கல் முதலியவற்றின் சூட்டைக் காட்டும் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

வேண்டவே வேண்டாம்

'சூட்டுக் கல்' என்று ஒன்று கடையில் விற்பார்கள். பார்க்க நிஜக் கல் போல இருக்கும். உள்ளே மின்சாரக் கம்பி. ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும். இதில் படுத்து வயிறு வெந்துபோன பல்லிகளுக்கு மிருக வைத்தியர்கள் சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

"சுட்டால் அது நகர்ந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல்லி, ஓணான், பாம்பு ஜாதிகள் தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடான இடத்திலும் அப்படியே படுத்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை சுட்டதும் கையை இழுத்துக்கொள்கிறதே, அதே எச்சரிக்கையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதன் சார்பில் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இராத்திரிக்குச் சிவப்பு பல்பு போடும் வழக்கமும் உண்டு. "சிவப்பு அதற்குத் தெரியாது" என்பார்கள். அதன் கண்ணைக் குறைவாக எடை போடாதீர்கள். 2004-ல் ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையில், இரவில் நடமாடும் வேறொரு ஜாதிப் பல்லியை வைத்துப் பரிசோதித்தார்கள். நம் கண்ணுக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் மங்கிய நிலா வெளிச்சத்திலும் அது நிறங்களைப் பிரித்தறிந்தது! இராத்திரியை இராத்திரியாகவே விடுங்கள். சூடு தேவையானால் வெளிச்சமில்லாத பீங்கான் கணப்பு இருக்கிறது.

சூட்டுப் பாயின்மேல் உள்ளே மணலைக் கனமாகக் கொட்டுவதும் கூடாது. சூடு மேலே வர வழியில்லாமல் அடியில் தேங்கும். பல்லி பறித்துக்கொண்டு போய்ச் சுடும் கண்ணாடியில் படுக்கும். சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும். சமையலறைக் காகிதமோ, கல் ஓடோ விரித்தால் போதும். பெட்டியின் அடியில் காற்றுப் போகச் சிறிது இடைவெளியும் இருக்கட்டும். குளிருகிறதே என்று ஓடும் கணப்பின்மேல் கம்பளியைப் போர்த்துவது வீட்டுக்கே ஆபத்து.

மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்

பீங்கான் கணப்பின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். பல்லி தொடாதபடி கம்பிக்கூடு கட்டாயம். திரைச்சீலை, காகிதம், காய்ந்த செடி எதுவும் அருகில் வேண்டாம்.

சூட்டுப் பாயை மடிக்கவோ, வெட்டவோ கூடாது. ஓரிடத்தில் கறுத்திருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல், கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விடுங்கள். பெட்டியில் கசியும் தண்ணீர் ஒயர் வழியே வந்தாலும் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. இங்கிலாந்தில் பிளக்குக்கு உள்ளேயே ஃபியூஸ் இருக்கும். 700 வாட்டுக்குக் குறைந்த சாமான்களுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒரு நீட்டிப்புப் பலகையில் இன்னொன்றைச் செருகி, அதில் மூன்றாவதைச் செருகிச் சங்கிலி போட வேண்டாம். பெட்டிக்குள் கைவிடுமுன் ஸ்விட்சை அணையுங்கள். வேலை முடிந்ததும் ஏற்ற மறவாதீர்கள்.

பல்லியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பல்லியின் உடம்பிலும் சால்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். அதன் கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

மின்சாரம் நின்றால்?

பதற வேண்டாம். சில மணி நேரக் குளிரை வளர்ந்த பல்லி தாங்கும். முதலில் கணப்பின் பிளக்கைக் கழற்றுங்கள். கணப்பு ஆறியபிறகு பெட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தலாம். காற்றுத் துளைகளை மட்டும் மூடாதீர்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் சாய்த்து வைக்கலாம். உள்ளே வைக்கக் கூடாது. அன்றைக்குத் தீனி வேண்டாம். உடம்பு சூடாகாமல் தின்றது ஜீரணமாகாது. மின்சாரம் வந்ததும் முதலில் கம்பளியை எடுத்துவிட்டு, அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள்.

வயிற்றிலோ காலிலோ சிவப்பு, பழுப்பு நிறத் திட்டு, கொப்புளம், உரிந்த செதில் தெரிந்தால் அது சூட்டுக் காயமாக இருக்கலாம். உடனே கணப்பை நிறுத்தி, பல்லியைச் சுத்தமான ஈரக் காகிதத்தின்மேல் வைத்து, ஊர்வன ஜாதிகளைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மஞ்சள், தேங்காயெண்ணெய், நம் கைக்குத் தடவும் களிம்பு எதுவும் வேண்டாம்.

பொறுப்பு யாருடையது?

"பல்லி பேரனுடையது, பார்த்துக்கொள்வது அவன் பாடு" என்று சொல்லத் தோன்றும். அந்த ஊர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2006-ம் வருஷத்துப் பிராணி நலச் சட்டப்படி, வளர்ப்புப் பிராணிக்குத் தகுந்த சூழ்நிலையை அமைத்துக் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தை வளர்க்கும் பிராணிக்கு, அந்தக் குழந்தையைப் பராமரிக்கும் பெரியவரே பொறுப்பாளி. 16 வயது நிரம்பாதவர்களுக்குப் பிராணியை விற்பதே குற்றம். ஆகவே கடையில் பணம் கொடுக்கும்போதே அது அம்மா அப்பாவின் பல்லியாகிவிடுகிறது.

சட்டம் கிடக்கட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அது செத்துக் கிடந்தால் அவனுக்கு என்ன சமாதானம் சொல்வது? "குளிருமே என்று ஜன்னலோரம் வைத்தேன்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு அவன் கோபப்படமாட்டான், அழுவான். பாட்டியும் கூட அழுவாள்.

அந்த நிலைமையே வராமல் செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. மகளுக்கு இப்போதே எழுதுங்கள், அல்லது டெலிபோனில் சொல்லுங்கள். பல்லியை வாங்குவதற்கு முன்னால் பெட்டி, கணப்பு, தெர்மோஸ்டாட், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்தட்டும். வெறும் பெட்டியை ஒரு வாரம் ஓடவிடட்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப்போகுமுன் ஒரு தடவை, சூடான கோடி எவ்வளவு, குளிர்ந்த கோடி எவ்வளவு என்று பையனே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். ஏழு நாளும் எண்கள் எல்லைக்குள் நின்றால், எட்டாம் நாள் பல்லியைக் கூட்டிவரலாம். ஏறி இறங்கினால், சரிசெய்துவிட்டு இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் அந்த வாரத்தில் பையன் தினம் பத்துத் தடவை, "இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரிப்பான். நச்சரிக்கட்டும். பல்லி வந்த பிறகும் நோட்டுப் புத்தகத்தை நிறுத்த வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போய்ச் சேரும்போது மத்தியான வேளைக்கு ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டு, அதை உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆனதும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு எண்களைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம். பெட்டியைத் திறக்க வேண்டாம். பல்லியைத் தொடவும் வேண்டாம். அதற்கு அது போதும்.